நைனாவின் காவடி

எங்கள் தேகப்பயிற்சிக் கூடத்தின் சுவரில் மாஸ்டர் கரித்துண்டால் மூன்று கட்டளைகள் எழுதி வைத்திருந்தார். செருப்பை வெளியே விடு. பிளேட்டைக் கீழே போடாதே. ஓடாதே. முதல் இரண்டை மீறினால் திட்டு விழும். மூன்றாவதை மீறியவனை ஒரு வாரத்துக்குப் பாரைத் தொடவே விடமாட்டார்.

அது 1992. அரக்கோணத்தில் ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட நீளமான கொட்டகை. வாசலை ஒட்டி ஆஞ்சநேயர் படம். அவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். வாங்கிய இரும்பு பிளேட்டுகள் கொஞ்சம்தான். மீதியெல்லாம் தகர டின்னில் சிமெண்ட் கலவை ஊற்றி நாங்களே வார்த்தவை. இரண்டு பக்கமும் ஒரே எடை இருக்காது. அதனால் எந்தப் பக்கம் எதை மாட்டுவது என்று சாக்பீஸால் குறித்திருப்போம். மூலையில் கர்லாக்கட்டை இரண்டு ஜோடி. கையில் தடவிக்கொள்ளச் சாக்பீஸ் தூள். காலையில் ஊறவைத்த கொண்டைக்கடலை, மாலையில் முட்டை, ஞாயிற்றுக்கிழமை வசதிப்பட்டால் மாட்டுக்கறி. அந்தக் கொட்டகையில் என் வாழ்க்கையின் எட்டு வருஷம் போயிற்று. அங்கே கற்றதில் பெரும்பகுதிக்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன். மூன்றாவது கட்டளை மட்டும் தவறு.

அதே வருஷம் மார்ச் 11ஆம் தேதிதான் ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படை விமானதளம் எங்கள் ஊரில் முறைப்படி தொடங்கப்பட்டது. அதற்குப் பிறகு விடியற்காலையில் தலைமுடியை ஒட்ட வெட்டிய வடநாட்டுப் பையன்கள் வரிசையாக ரோட்டில் ஓடிப் போவதைப் பார்க்க ஆரம்பித்தோம். பயிற்சி முடித்துவிட்டு மதகுச் சுவரில் உட்கார்ந்து பல் குச்சியைக் கடித்தபடி அவர்களைப் பார்ப்போம். பார்த்துச் சிரிப்போம். “கறி துன்னு, முட்ட துன்னு சேத்து வச்ச ஒடம்ப ரோட்ல கொட்டினு போறானுங்க பாரு” என்பான் ஒருவன். ஓடினால் மசில் கரைந்துவிடும் என்பது எங்களுக்கு வேதவாக்கு. மாஸ்டர் சொல்லியிருந்தார், அவருக்கு அவருடைய மாஸ்டர் சொல்லியிருந்தார்.

அந்தக் காலத்தில் எங்களூர்ப் பக்கம் மராத்தான் என்ற சொல்லைப் பேப்பரில்தான் பார்த்திருந்தோம். பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் நடக்கும் நெடுந்தூர ஓட்டமும், தேசிய தினங்களில் வைக்கும் ஓட்டப் பந்தயமும்தான் தெரியும். அதற்கும் எங்கள் கொட்டகையிலிருந்து யாரும் போகமாட்டோம். கூட்டத்தோடு ஓடுவது ஆட்டு மந்தை வேலை, தனியாக நின்று தூக்குவதே ஆண்பிள்ளை வேலை என்று உறுதியாக நம்பினோம். நூறு பேர் ஒன்றாகச் செய்யக்கூடிய எதிலும் பெருமை கிடையாது என்பது எங்கள் கணக்கு. நான் எழுபது கிலோ இருந்தேன், தரையிலிருந்து 170 கிலோ தூக்கினேன். கொட்டகையில் அதற்கு மேல் தூக்கியவர்கள் இரண்டே பேர்.

என் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். அவர் தென்னக ரயில்வேயில் கீமேன். ரேணிகுண்டா லைனில் இச்சிபுத்தூர் பக்கம் அவருடைய பீட். இந்த வேலை என்னவென்று வெளியே நிறையப் பேருக்குத் தெரியாது. தண்டவாளத்தையும் கட்டையையும் பிடித்து வைத்திருக்கும் சாவிகளையும் கிளிப்புகளையும் தினமும் ஒருவர் நடந்தே போய்ப் பார்க்க வேண்டும். தளர்ந்ததைச் சுத்தியலால் அடித்து இறுக்க வேண்டும், கழன்ற போல்ட்டை ஸ்பேனர் போட்டு முடுக்க வேண்டும். ஒரு லைனில் போய் இன்னொரு லைனில் திரும்புவார். தோளில் சுத்தியல், கையில் நீளமான ஸ்பேனர், இடுப்புப் பையில் சிவப்புக் கொடி, பச்சைக் கொடி, ஆபத்துக்கு வைக்கும் வெடிகள், உபரி போல்ட்டுகள். சித்திரை வெயிலில் ஜல்லி பழுத்துக் கிடக்கும். மழைக் காலத்தில் கட்டை வழுக்கும். முப்பத்தோரு வருஷம் அந்த நடை நடந்தார். என்னிடம் அவர் பயிற்சியைப் பற்றி ஒருமுறைகூடக் கேட்டதில்லை. இரவில் முட்டை வேகவைத்திருக்கிறதா என்று அம்மாவிடம் மட்டும் கேட்பார்.

ஆடிக் கிருத்திகை வந்தால் எங்கள் கொட்டகைக்கு விடுமுறை. அரக்கோணத்தில் அன்று எது திறந்திருந்தாலும் மனசு திருத்தணியில் இருக்கும். பதின்மூன்று, பதினான்கு கிலோமீட்டர் தூரம்தான். சுற்றியுள்ள கிராமங்களிலிருந்தும், எல்லையைத் தாண்டி நகரி, புத்தூர்ப் பக்கமிருந்தும் மஞ்சள் உடுத்திய கூட்டம் ராத்திரி முழுக்க நடந்து வரும். அரோகரா சத்தம் கேட்டுக்கொண்டே தூங்கி, அதைக் கேட்டுக்கொண்டே எழுந்திருப்போம். தோளில் பூக்காவடி, தலையில் பால்குடம், இடுப்பில் குழந்தை. அடிவாரத்தில் சரவணப் பொய்கையில் முழுகி, 365 படி ஏறி, தணிகைநாதனைப் பார்த்துவிட்டு இறங்குவார்கள். வருஷத்தின் நாளுக்கு ஒன்றாக அமைந்த படி அது. டிசம்பர் 31ஆம் தேதி ராத்திரி ஒவ்வொரு படியிலும் நின்று திருப்புகழ் பாடி ஏறும் படித் திருவிழா தனி. வெள்ளைக்காரத் துரைமார்களைப் போய்ப் பார்த்துப் புத்தாண்டு வணக்கம் சொல்லும் வழக்கத்துக்கு மாற்றாக, முருகனை முதலில் பாருங்கள் என்று வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் தொடங்கி வைத்தது.

லட்சக்கணக்கான பேர், வயது வித்தியாசம் இல்லாமல், சுமையோடு, வெறுங்காலில், ஒரே தூரத்தைக் கடக்கிறார்கள். வழியெங்கும் தண்ணீர்ப் பந்தல், மோர், பானகம். கடைசியாக வருகிறவருக்கும் அதே சன்னதி, அதே விபூதி. கூட்டமாகச் செய்யும் நெடுந்தூர நிகழ்ச்சி என்றால் இதைவிட என்ன வேண்டும்? வருஷா வருஷம் கண்ணெதிரே பார்த்துக்கொண்டுதான் நாங்கள் மதகுச் சுவரில் உட்கார்ந்து ஓடுகிறவர்களை ஏளனம் செய்துகொண்டிருந்தோம். இதை நினைக்கும்போதெல்லாம் மனசு கூசுகிறது.

நைனா ஒவ்வொரு வருஷமும் காவடி எடுப்பார். தாத்தா காலத்துத் தண்டு, தோள்படும் இடம் மட்டும் வழவழவென்று கறுத்திருக்கும். நான் கூடப் போனதில்லை. மறுநாள் ஸ்குவாட் இருக்கும், நடந்தால் கால் தளர்ந்துவிடும் என்று சைக்கிளிலோ ரயிலிலோ போய் மலையடியில் காத்திருப்பேன்.

1996 ஆடியில் அவருக்கு இடது கால் வீங்கிவிட்டது. ஜல்லியில் மடங்கிய கால். வேண்டுதலை விட முடியாது. முதல் நாள் ராத்திரி, சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே, “இந்த வாட்டி நீ எடுத்துக்கிறியாடா?” என்றார். அவர் என்னிடம் அதுவரை எதுவும் கேட்டதில்லை. சரி என்றேன். பூ, பால், மயிலிறகு எல்லாம் சேர்த்து எட்டு கிலோகூட இருக்காது. கொட்டகையில் ஒரு கையால் சுற்றும் எடை.

விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பினோம். அவர் கால்வீக்கத்தோடு பின்னால் நடந்து வந்தார், எவ்வளவு சொல்லியும் வண்டியில் ஏறவில்லை. முதல் மூன்று கிலோமீட்டர் மிடுக்காக நடந்தேன். பிறகு தண்டு கழுத்தை ஒட்டிய சதையில் இறங்க ஆரம்பித்தது. ஐந்து தடவை தூக்கிவிட்டு மூன்று நிமிஷம் உட்கார்ந்து பழகிய உடம்பு அது, உட்காரும் நேரத்தை எதிர்பார்த்தது. உட்கார முடியாது. மூச்சு மேலேயே நின்று மேலேயே திரும்பியது. தார் ரோடு இன்னும் சூடேறவில்லை, ஆனால் குதிகால் தோல் கொப்பளித்துவிட்டது. தோளை மாற்றலாம் என்றால் எப்படி என்று தெரியவில்லை. என்னைத் தாண்டிப் போன ஒரு கிழவர், நடையை நிறுத்தாமல், கழுத்துக்குப் பின்னால் தண்டை உருட்டி வலது தோளிலிருந்து இடது தோளுக்குக் கொண்டுவந்தார். காவடியிலிருந்து ஒரு பூகூட உதிரவில்லை. நான் செய்து பார்த்தபோது செம்பிலிருந்து பால் தளும்பி முதுகில் வழிந்தது.

இச்சிபுத்தூரைத் தாண்டியதும் கெண்டைக்காலில் நரம்பு பிடித்துக்கொண்டது. நின்றுவிட்டேன். காவடியைக் கீழே வைக்கக் கூடாது என்பது தெரியும். தோளில் வைத்தபடியே நின்றேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எழுபது வயதுப் பாட்டிகள் பால்குடத்தோடு என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். நைனா பக்கத்தில் வந்தார். “இன்னாடா, புடிச்சிக்கிச்சா? குடு” என்றார். அவ்வளவுதான். வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு, வீங்கிய காலைச் சற்று விலக்கி வைத்து, லைனில் நடப்பது போலவே நடக்க ஆரம்பித்தார். நான் வெறுங்கையோடு பின்னால் போனேன். மலை ஏறி, பால் கொடுத்து, இறங்கும்வரை அவர் தண்டை இறக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம், “புள்ள நல்லா எடுத்தான்” என்றார்.

கொட்டகையில் இதைச் சொல்லவில்லை. ரயிலில் போனேன் என்றே சொன்னேன்.

பலமுள்ளவன் தன் பலத்துக்கு எல்லை உண்டு என்று ஒப்புக்கொள்வது எளிதில்லை. ஓட்டக்காரர்கள் மேல் எங்களுக்கு இருந்த ஏளனத்துக்குக் கீழே இருந்தது பயம் என்று இப்போது தெரிகிறது. எங்கள் கொட்டகையிலேயே அதிக பலசாலி, 120 கிலோ பெஞ்ச் போட்டவன், ராணுவ ஆள்சேர்ப்புக்கு வேலூர் போனான். அங்கே பார் கிடையாது, ஓட்டம்தான் முதல். 1.6 கிலோமீட்டரில் பின்தங்கி வெளியே அனுப்பப்பட்டான். திரும்பி வந்து கொட்டகைக்குப் பின்னால் நின்று அழுததை நானும் இன்னொருவனும் மட்டும் பார்த்தோம். எங்கள் பழைய வடஆற்காட்டில் வீட்டுக்கு வீடு ஒரு பட்டாளத்துக்காரர் உண்டு. அந்த மண்ணில், வேலை கேட்கப் போகிற பையனிடம் ஓடாதே என்று சொன்னது எவ்வளவு பெரிய கேடு. இன்றைக்கும் அக்னிவீர் தேர்வில் 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிஷத்துக்குள் முடித்தால் 60 மதிப்பெண், பத்து புல்-அப் எடுத்தால் 40. மத்தியப் படைகளின் காவலர் தேர்வில் ஆண்கள் ஐந்து கிலோமீட்டரை 24 நிமிஷத்தில் ஓட வேண்டும். அக்னிவீர் தேர்வு கால், கை இரண்டையுமே கேட்கிறது.

இப்போது அரக்கோணத்தில் ஏ.சி. போட்ட ஜிம்கள் இருக்கின்றன. கண்ணாடிச் சுவர், ரப்பர் தரை, கணக்கான எடையில் பிளேட், டிரெட்மில். பெண்கள் வருகிறார்கள். டெட்லிஃப்ட் செய்கிற பெண்ணை யாரும் திரும்பிப் பார்ப்பதுகூட இல்லை. எங்கள் கொட்டகையில் கனவிலும் நினைத்திருக்க மாட்டோம். கருவிகள், உடைகள், சாப்பாடு எல்லாம் மாறிவிட்டன. ஓடுகிறவர்களைப் பற்றிய பேச்சு மட்டும் அப்படியே இருக்கிறது. மசில் கரையும் என்பதைக் கார்டியோ மசிலைத் தின்னும் என்கிறார்கள். ஆட்டு மந்தை என்பதற்குப் பதிலாக, “பணம் கட்டி ஓடுறாங்க, வந்தவனுக்கெல்லாம் மெடலு, அதுக்கு இன்னா மரியாதை?” என்கிறார்கள். என் அக்கா பேரன் போன வருஷம் இதையே என்னிடம் சொன்னான். பத்தொன்பது வயது. நானே என்னிடம் பேசுவது போல இருந்தது.

அவனுக்கு என்ன சொன்னேன் என்பதற்கு முன்னால் என் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

2023இல் கல்லூரித் தோழிகளோடு சேர்ந்து சென்னையில் கலைஞர் நினைவு மராத்தானில் பத்து கிலோமீட்டர் பிரிவுக்குப் பெயர் கொடுத்தாள். ஆகஸ்ட் 6ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. காலை ரயிலைப் பிடித்தால் நேரத்துக்குப் போக முடியாது என்பதால் முதல் நாள் இரவே உறவுக்காரர் வீட்டில் தங்கினோம். அந்த ஓட்டத்துக்குப் பதிவு செய்தவர்கள் 73,206 பேர். கின்னஸ் சாதனையாகவும் அது பதிவாயிற்று. எனக்கு எண்ணிக்கை பெரிதாகப் படவில்லை, ஆடிக் கிருத்திகை பார்த்த கண் இது. முடியும் இடத்துக்குப் பக்கத்தில் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வேகமாக ஓடுகிறவர்கள் வந்து முடித்துவிட்டார்கள். மகளும் வந்தாள், முகம் சிவந்து, சிரித்துக்கொண்டு. கிளம்பலாம் என்றேன். “இருப்பா, இன்னும் வராங்கல்ல” என்றாள். அவளும் தோழிகளும் வரிசையாக நின்று வருகிறவர்களுக்கெல்லாம் கைதட்டினார்கள். அதற்குப் பிறகுதான் நான் பார்க்க வேண்டியவர்கள் வந்தார்கள். சுடிதாருக்கு மேல் அந்த ஓட்டப் பனியனைப் போட்டுக்கொண்ட நடுவயதுப் பெண். தொப்பையைக் கையால் தாங்கிக்கொண்டு வந்த ஒருவர், என் வயது இருக்கும். ஒரு காலை இழுத்து நடந்த பையன், அவனோடு நடையைக் குறைத்துக்கொண்டு வந்த அவன் நண்பன். நெஞ்சில் எண் அட்டை நான்கு ஊக்கில் படபடக்கிறது. கோட்டைத் தொட்டதும் அந்த நடுவயதுப் பெண் குனிந்து தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். படி ஏறி முடித்தவர்கள் செய்வது அது. கொட்டகைக்குள் நுழையும்போது நாங்கள் செய்ததும் அதுதான்.

எங்கள் கொட்டகையில் பலமில்லாதவனுக்கு யாரும் கைதட்டியதில்லை. வெறும் பாரைத் தூக்கவே திணறிய எத்தனையோ பையன்கள் இரண்டாவது வாரம் வராமல் போனார்கள், ஏன் வரவில்லை என்று யாரும் போய்க் கேட்டதில்லை.

ஊருக்குத் திரும்பி, மறுவாரம் ஓட ஆரம்பித்தேன். ஓட்டம் என்று அதைச் சொல்ல முடியாது, ஐந்து நிமிஷம் ஓட்டம், ஐந்து நிமிஷம் நடை. ஐம்பது வயது. அதற்கு முந்தைய சில வருஷங்களில் ரத்த அழுத்தம் ஏறி மாத்திரைக்கு வந்திருந்தேன். லேத் பட்டறையில் இரண்டு ஆள் தூக்கும் ஷாப்டைத் தனியாகத் தூக்கிவிடுவேன், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். பரிசோதித்த டாக்டர், “தூக்குறத விடாதீங்க, ஆனா வாரத்துல 150 நிமிஷமாவது வேகமா நடங்க” என்றார். உலக சுகாதார நிறுவனமும் இதைத்தான் சொல்கிறது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் வேகமான நடை மாதிரியான மிதமான பயிற்சி, அதோடு இரண்டு நாளாவது தசைக்கு வேலை. இரண்டில் ஒன்றைப் பொறுக்கிக்கொள்ளச் சொல்லவில்லை.

மசில் கரையும் என்பது முழுப் பொய்யும் இல்லை. அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது, இளைஞர்கள் அதைத் தெரிந்துகொள்வது நல்லது. அமெரிக்காவில் ராபர்ட் ஹிக்சன் என்ற ஆய்வாளர் இருந்தார், அவரும் எடை தூக்குகிறவர்தான். ஆய்வுக்கூடத்துத் தலைவரோடு சேர்ந்து ஓடப் போனபோது தன் பலம் குறைவதாக உணர்ந்து, அதையே ஆராய்ந்தார். 1980இல் முடிவு வெளியாயிற்று. ஒரு குழு எடை மட்டும், ஒரு குழு ஓட்டமும் சைக்கிளும் மட்டும், ஒரு குழு இரண்டும், பத்து வாரம். இரண்டையும் செய்தவர்களின் பலம் ஏழெட்டு வாரம்வரை ஏறி, பிறகு நின்று, கடைசியில் கொஞ்சம் இறங்கியது. உலகத்து ஜிம்களெல்லாம் பிடித்துக்கொண்டது இந்தக் கடைசி வரியை. இரண்டையும் செய்த குழு வாரத்தில் ஐந்து நாள் எடையும், ஆறு நாள் கடுமையான ஓட்டமோ சைக்கிளோ செய்தது என்பதை யாரும் சொல்வதில்லை. அவ்வளவு செய்தால் எந்த உடம்பும் கேட்கும். பிற்பாடு எத்தனையோ ஆய்வுகள் வந்து, 2022இல் அவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தபோது, இரண்டையும் செய்வதால் தசை வளர்வதும் பலம் ஏறுவதும் தடைபடவில்லை என்று தெரிந்தது. வெடித்துக் கிளம்பும் வேகம் மட்டும் கொஞ்சம் குறையலாம், அதுவும் பெரும்பாலும் இரண்டையும் ஒரே வேளையில் செய்தால்.

ஒலிம்பிக் பளுதூக்குதலுக்குப் போகிற பையனுக்கு அந்தக் கொஞ்சமும் முக்கியம், ஒப்புக்கொள்கிறேன். 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கிய சதீஷ் சிவலிங்கம் எங்கள் வேலூர் சத்துவாச்சாரிக்காரர். அவர் மாதிரி ஒருவரைப் போய் மராத்தான் ஓடச் சொல்ல மாட்டேன். ஆனால் சதீஷ் ஓரிருவர். மற்ற நாமெல்லாம் பட்டறைக்கும் ஆபீசுக்கும் போகிறவர்கள், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு படி ஏற வேண்டியவர்கள்.

தூக்குகிறவர்கள் சொல்லும் குறையில் நியாயமும் உண்டு. எந்தப் பயிற்சியும் இல்லாமல் ஒரு மாதத்தில் 21 கிலோமீட்டருக்குப் பெயர் கொடுத்து மூட்டைக் கெடுத்துக்கொள்கிறவர்களைப் பார்க்கிறேன். வயது ஏற ஏறத் தசை தானாகக் குறையும், எலும்பு மெலியும், ஓட்டம் மட்டும் அதைத் தடுக்காது. ஓடுகிற பெண்களில் பலர் பளு தூக்கப் பயப்படுகிறார்கள், உடம்பு ஆம்பளை மாதிரி ஆகிவிடும் என்று. அது எங்கள் மூன்றாவது கட்டளைக்குச் சற்றும் குறையாத மூடநம்பிக்கை. என் மகளை வாரத்தில் இரண்டு நாள் ஜிம்முக்கு அழைத்துப் போகிறேன். ஓட்டம் முடிந்த ரோட்டில் குப்பையாய்க் கிடக்கும் தண்ணீர்க் கோப்பைகளைப் பார்த்தால் எனக்கும் கோபம் வருகிறது. இதெல்லாம் திருத்த வேண்டியவை, ஏளனம் செய்ய வேண்டியவை அல்ல.

இப்போது உலகமே இரண்டையும் ஒன்றாகக் கட்டுகிறது. ஹைராக்ஸ் என்று ஒரு போட்டி ஜெர்மனியில் பிறந்து, 2025 மே மாதம் மும்பைக்கும் வந்தது. ஒரு கிலோமீட்டர் ஓட்டம், பிறகு ஒரு பலப் பயிற்சி, இப்படி எட்டு முறை. அதில் ஒன்று, ஆண்கள் கைக்கு 24 கிலோ எடையைத் தூக்கிக்கொண்டு 200 மீட்டர் நடக்க வேண்டும். வீடியோவில் பார்த்தபோது நைனா சுத்தியலும் ஸ்பேனருமாக இச்சிபுத்தூர் லைனில் போவதுதான் கண்ணில் வந்தது. அதே வருஷம் மார்ச் 7ஆம் தேதி எங்கள் பக்கத்துத் தக்கோலத்தில் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையின் ஆண்டு விழா நடந்தது. குஜராத்திலிருந்தும் மேற்கு வங்கத்திலிருந்தும் கன்னியாகுமரிவரை அந்தப் படையினர் கடற்கரையோரம் சைக்கிளில் போன 6,553 கிலோமீட்டர் பயணம் அங்கிருந்துதான் தொடங்கி வைக்கப்பட்டது.  

காவடி பிறந்த கதையை எங்கள் பாட்டி சொல்வாள். அகத்தியர் சொன்னபடி இடும்பன் இரண்டு மலைகளைத் தண்டின் இரு முனையிலும் கட்டித் தோளில் வைத்துக்கொண்டு தெற்கே நடந்தான். இவ்வளவு பளு, இவ்வளவு தூரம். அக்கா பேரன் மெடலைப் பற்றிக் கேட்டபோது இதைத்தான் சொன்னேன். இடும்பன் பலசாலியா, நெடுந்தூரம் போகிறவனா, எந்தப் பக்கம் வைப்பாய் என்று கேட்டேன். அவன் பதில் சொல்லவில்லை. பிறகு 1996 ஆடியைப் பற்றிச் சொன்னேன். நைனா இறந்து பன்னிரண்டு வருஷமாகியும் யாரிடமும் சொல்லாதது. அவன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டான்.

நைனாவின் தண்டைப் பரணிலிருந்து இறக்கி, தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருக்கிறேன். தோள்படும் இடம் இன்னும் வழவழப்பாகத்தான் இருக்கிறது. அவர் அந்த லைனில் நடந்த நேரத்திலேயே வாரம் மூன்று நாள் நானும் நடந்து, ஓடிப் பழகியிருக்கிறேன். கழுத்துக்குப் பின்னால் தண்டை உருட்டித் தோள் மாற்றவும் பழகிக்கொண்டேன், முதலில் வெறும் தண்டில், பிறகு இரண்டு செம்புத் தண்ணீரோடு.

வருகிற ஆடிக் கிருத்திகைக்கு விடியற்காலை நான்கு மணிக்கு வீட்டிலிருந்து நடந்தே கிளம்புகிறோம். மகள் பால்குடம் எடுக்கிறாள். அக்கா பேரன் வருவதாகச் சொல்லியிருக்கிறான். அரக்கோணத்து ஜிம்களில் பாரைத் தொடும் தம்பிகள், தங்கைகள் யாராயினும் அன்று ஒரு நாள் லீவு போட்டுவிட்டு எங்களோடு நடந்து வாருங்கள். செருப்பு வேண்டாம், தண்ணீர் வழியெங்கும் கிடைக்கும். இச்சிபுத்தூர் தாண்டி யாருக்காவது கால் பிடித்துக்கொண்டால், தண்டை வாங்கிக்கொள்ளப் பக்கத்தில் நான் இருப்பேன்.